வளரும் முதுகெலும்பும் மாவுக்கட்டும்

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, நீட்டிய கால்களின் மீது குப்புறக் கிடத்தி நீராட்டும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளிலும் உண்டு. அவ்வேளையில் குழந்தையின் முதுகை முழுமையாகக் காணும் வாய்ப்பு தாய்க்கோ பாட்டிக்கோ நாள்தோறும் கிடைக்கிறது. முதுகின் நடுவே நேர்கோடாக ஓட வேண்டிய பள்ளம் ஒருபுறமாக வளைந்து செல்வதையும், ஒரு பக்கத்து விலாப்புறம் மறு பக்கத்தைவிடப் புடைத்திருப்பதையும் முதன்முதலில் கண்டுகொள்வது பெரும்பாலும் நீராட்டும் கைகளே. கண்ட பின் என்ன செய்யப்படுகிறது, எத்தனை மாதங்களுக்குள் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்து அக்குழந்தையின் பிற்கால உடல்நலம் பெரிதும் அமைகிறது.

வளைவின் இயல்பு

முதுகெலும்பு, முள்ளெலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற ஒரு தூண். பின்புறமிருந்து நோக்கினால் இத்தூண் நேராகத் தோன்ற வேண்டும். அது பக்கவாட்டில் வளைவதோடு தன் அச்சிலேயே திருகிக்கொள்ளவும் செய்தால் அந்நிலைக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். திருகலின் காரணமாகவே விலா எலும்புகள் ஒருபுறம் பின்னோக்கிப் புடைக்கின்றன. பிரிட்டிஷ் எலும்பு மருத்துவரான ஜேம்ஸ் 1954ஆம் ஆண்டில் இந்நோயைத் தோன்றும் வயதிற்கேற்ப வகைப்படுத்தினார். மூன்று வயது நிறைவதற்குள் தோன்றி, வேறு காரணம் எதுவும் புலப்படாத வளைவு, மழலைப் பருவ ஸ்கோலியோசிஸ் எனப்பட்டது. இது அரிய நோய். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது. மார்புப் பகுதியில் பெரும்பாலும் இடப்புறம் புடைத்து வளைவது. பல குழந்தைகளுக்குத் தலையின் ஒருபுறம் தட்டையாகவும் இருக்கும்.

வளைவின் அளவை எக்ஸ்-ரே படத்தில் கோணமாக அளக்கிறார்கள். வளைவின் மேல் எல்லையில் உள்ள முள்ளெலும்பின் மேல் விளிம்பையொட்டி ஒரு கோடும், கீழ் எல்லையில் உள்ள முள்ளெலும்பின் கீழ் விளிம்பையொட்டி ஒரு கோடும் வரைந்து, அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கோணத்தைக் கணக்கிடுவர். நியூயார்க் நகர மருத்துவர் ஜான் காப் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறை, அவர் பெயராலேயே காப் கோணம் என இன்றும் வழங்குகிறது. பத்துப் பாகைக்கு மேற்பட்ட வளைவே ஸ்கோலியோசிஸ் எனக் கொள்ளப்படும்.

காரணம் புலப்படாத வளைவு என்று முடிவு செய்யுமுன் பிற காரணங்களை ஆராய்ந்து விலக்க வேண்டும். பிறவியிலேயே முள்ளெலும்பு பாதியாக உருவாகியிருக்கலாம். இரு முள்ளெலும்புகள் ஒட்டியிருக்கலாம். நரம்பு அல்லது தசையின் பலவீனத்தால் முதுகு சாயலாம். முன்னாளில் இளம்பிள்ளைவாதமும் முதுகு வளைவதற்கு ஒரு முக்கிய காரணமாயிருந்தது. இந்தியா இளம்பிள்ளைவாதம் அற்ற நாடாக 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் சான்றளிக்கப்பட்டபின் அக்காரணம் புதிய தலைமுறையைத் தீண்டுவதில்லை. முதுகெலும்பைத் தாக்கும் காசநோயோ இன்னும் ஒழிந்தபாடில்லை. முதுகு பக்கவாட்டில் வளையாமல் பின்னோக்கிக் கூனாக முனைத்து, காய்ச்சலும் எடைக் குறைவும் வலியும் சேர்ந்திருந்தால் காசநோயை முதலில் ஐயுற வேண்டும். மேலும், வளைவு இருபது பாகைக்கு மேற்பட்ட மழலையரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குத் தண்டுவடத்திலோ மூளையின் அடிப்பகுதியிலோ மறைந்த குறை இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகையால் இத்தகைய குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

காத்திருக்கலாமா?

இந்நோயில் ஒரு விந்தை உண்டு. மழலைப் பருவத்து வளைவுகளில் பல, மருத்துவம் எதுவும் இன்றித் தாமே நிமிர்ந்துவிடும். எஞ்சியவை மாதத்திற்கு மாதம் பெருகி, உயிருக்கே இடையூறாகும் அளவுக்கு முற்றக்கூடும். தொடக்கத்தில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஒரு மருத்துவர் கூறுவது ஒரு குழந்தைக்குச் சரியான அறிவுரையாகவும், மற்றொரு குழந்தைக்குத் தீராத இழப்பாகவும் முடிவதற்கு இதுவே காரணம்.

இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியை இங்கிலாந்தின் அரச தேசிய எலும்பு மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் மின் மேத்தா அம்மையார் 1972ஆம் ஆண்டில் வெளியிட்டார். வளைவின் உச்சியிலுள்ள முள்ளெலும்பிலிருந்து இருபுறமும் விலா எலும்புகள் புறப்படுகின்றன. நேரான முதுகில் இரு விலாக்களும் முள்ளெலும்போடு ஒரே அளவான கோணத்தை உண்டாக்கும். வளைந்த முதுகிலோ புடைத்த பக்கத்து விலா கீழ்நோக்கிச் சரிந்துவிடுவதால் இரு கோணங்களும் வேறுபடும். இவ்வேறுபாடு இருபது பாகைக்குக் குறைவாயின் வளைவு தானே நேராகும் வாய்ப்பு மிகுதி; இருபதை மிஞ்சினால் பெருகும் வாய்ப்பு மிகுதி. புடைத்த பக்கத்து விலாவின் தலை, எக்ஸ்-ரே படத்தில் முள்ளெலும்பின் நிழலின் மேல் படிந்து காணப்பட்டால் வளைவு பெருகும் என்பது ஏறத்தாழ உறுதி.

ஆகவே, காத்திருத்தல் என்பதும் அளவறிந்து செய்ய வேண்டிய ஒரு மருத்துவ முடிவு. முதல் எக்ஸ்-ரே படத்தில் இக்கோணங்களை அளந்து குறித்துக்கொண்டு, இரண்டு அல்லது மூன்று மாதங்களில் மறு படம் எடுப்பதற்கு நாள் குறித்தபின் காத்திருப்பது முறையாகும். படமும் இன்றி, நாளும் இன்றிக் காத்திருப்பது காலத்தை வீணே கழிப்பதாகும்.

வளர்ச்சியே பகை, வளர்ச்சியே துணை

எலும்பு வளரும் பகுதிகளில் அழுத்தம் மிகுந்தால் வளர்ச்சி குன்றும். அழுத்தம் குறைந்தால் வளர்ச்சி ஓங்கும். வளைந்த முதுகில் உட்குழிந்த பக்கத்தின் மீது சுமை மிகுதியாக விழுகிறது. அப்பக்கம் குறைவாகவும் எதிர்ப்பக்கம் மிகுதியாகவும் வளர, முள்ளெலும்பு ஆப்பைப் போல ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் மெலிந்தும் உருமாறுகிறது. உருமாறிய முள்ளெலும்பு வளைவை மேலும் பெருக்குகிறது. பெருகிய வளைவு மேலும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் முதுகெலும்பின் மார்பு, இடுப்புப் பகுதிகள் சேர்ந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீள்கின்றன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் இவ்வளர்ச்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. வளைவு பெருகும் வேகம் மழலைப் பருவத்தில் மிகுந்திருப்பது இதனாலேயே.

இழப்பு முதுகோடு நிற்பதில்லை. நுரையீரலின் காற்றறைகள் பெருகுவதும் மார்புக்கூடு விரிவதும் இதே ஆண்டுகளில்தான். பிறக்கும்போது, முழு வளர்ச்சியடைந்த மார்பின் கொள்ளளவில் சுமார் 6 சதவிகிதமே குழந்தைக்கு இருக்கிறது. ஐந்து வயதில் அது 30 சதவிகிதமாகவும், பத்து வயதில் 50 சதவிகிதமாகவும் உயர்கிறது. திருகிய மார்புக்கூட்டுக்குள் நுரையீரல் விரிய இடமின்றிப் போனால், அக்குறையைப் பிற்காலத்தில் ஈடுசெய்ய இயலாது. மூச்சுத் திணறலும் இதயத்தின் மீது சுமையும் இளமையிலேயே தொடங்கிவிடக்கூடும்.

எனினும், இந்த வளர்ச்சியையே மருந்தாகப் பயன்படுத்தலாம். 1741ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி தாம் எழுதிய நூலில், கோணலாக வளரும் இளமரம் ஒன்றை ஒரு நேர்க்கழியோடு கயிற்றால் கட்டிய படத்தை வெளியிட்டார். அப்படம் இன்றும் உலகெங்கும் எலும்பு மருத்துவத் துறையின் சின்னமாக விளங்குகிறது. கழி மரத்தை ஒரே நாளில் நிமிர்த்துவதில்லை. வளரும் திசையை அது காட்டுகிறது. நிமிரும் வேலையை மரமே தன் வளர்ச்சியால் செய்துகொள்கிறது. முற்றிய மரத்திற்கு அதே கழியைக் கட்டுவதால் பயனில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் பழமொழி நிமிர்வதற்கும் பொருந்தும்.

மாவுக்கட்டின் வரலாறு

குழந்தையின் முதுகுக்குக் கழியாக அமைவது மாவுக்கட்டு. ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் சூடாக்கினால் அதிலுள்ள நீரின் பெரும்பகுதி வெளியேறிப் பாரிஸ் சாந்து என்னும் வெண்பொடி கிடைக்கும். அதில் நீர் சேர்த்தால் சிறிது நேரத்தில் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே கல்லாக இறுகிவிடும். துணிப் பட்டையில் இப்பொடியைத் தேய்த்து, நனைத்துச் சுற்றும் முறையை டச்சு இராணுவ மருத்துவர் மத்தெய்சன் 1852ஆம் ஆண்டில் வெளியிட்டார். இறுகுவதற்கு முன்னர் உள்ள சில நிமிடங்களில் உள்ளங்கையால் எந்த வடிவமும் கொடுக்கலாம் என்பதே இதன் சிறப்பு.

முதுகு வளைவுக்கு உடற்கட்டு போடும் முறைகள் பலவாறாக வளர்ந்தன. பிரான்சு நாட்டில் கோத்ரெல், மோரெல் என்னும் மருத்துவர்கள் 1964ஆம் ஆண்டில் மூன்று செயல்களை ஒன்றிணைத்த முறையை விளக்கினர். முதுகை நீட்டுதல், திருகலை எதிர்த்திசையில் திருப்புதல், வளைவுக்கு எதிராகப் பக்கவாட்டில் சாய்த்தல் ஆகியனவே அம்மூன்று. பழைய கட்டுகள் புடைத்த விலாவைப் பக்கத்திலிருந்து உள்நோக்கி அழுத்தின. அதனால் மார்பு குறுகியதுண்டு. புதிய முறையிலோ விலாப்புடைப்பு பின்னிருந்து முன்னோக்கித் திருப்பப்படுகிறது. மேத்தா அம்மையார் இம்முறையை மிக இளங்குழந்தைகளிடம் கையாண்டு, பெற்ற பயனை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அவர் ஆராய்ந்தவர்கள், பெருகும் வகை வளைவுடைய 136 குழந்தைகள். அவர்களில் 94 பேர் சராசரியாக ஒரு வயது ஏழு மாதத்தில் சிகிச்சைக்கு வந்தனர். அவர்களது வளைவு சராசரி 32 பாகை. இவர்களுடைய முதுகு சராசரியாக மூன்றரை வயதிற்குள் நேராகியது. மேற்கொண்டு சிகிச்சை எதுவும் தேவைப்படவில்லை. எஞ்சிய 42 பேர் சராசரியாக இரண்டரை வயதில், 52 பாகை வளைவோடு வந்தனர். இவர்களுக்கு வளைவைக் குறைக்க முடிந்ததேயன்றிப் போக்க முடியவில்லை. 15 பேருக்குப் பின்னர் முதுகெலும்பை இணைக்கும் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. இரு குழுவினரின் சராசரி வயதுக்கும் இடைவெளி பதினொரு மாதங்களே. தாமதம் ஒன்றே இவ்வேறுபாட்டிற்கு முழுக் காரணம் என்று கூறிவிட முடியாது. சில வளைவுகள் தொடக்கத்திலேயே கொடியவை. ஆயினும் இளவயதும் சிறு வளைவும் நற்பயனுக்கு அடிப்படை என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் வலியுறுத்தியுள்ளன.

கட்டுப் போடும் முறை

கை எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடத் தெரிந்தவர் எல்லோரும் இக்கட்டைப் போட்டுவிட முடியாது. இதற்குத் தனிப் பயிற்சியும் தனி மேசையும் வேண்டும். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் குழல் பொருத்தி, உடலின் நடுப்பகுதி வெளியில் தொங்குமாறு அமைந்த ஒரு சட்டத்தின் மீது கிடத்துவர். தாடையின் கீழ் ஒரு பட்டையும் இடுப்பில் ஒரு பட்டையும் பூட்டி மெல்ல இழுப்பர். தோலை ஒட்டி மெல்லிய பின்னலாடையும் பஞ்சும் வைத்து, அதன்மேல் மாவுப் பட்டைகளைச் சுற்றுவர். இடுப்பெலும்பைப் பற்றிக்கொள்ளும் பகுதியே கட்டின் அடித்தளம். அதனைச் செம்மையாக வடிவமைத்தபின், மாவு இறுகுமுன் மருத்துவர் தம் கைகளால் விலாப்புடைப்பைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார்.

கட்டு இறுகியதும் அதில் சாளரங்கள் வெட்டப்படுகின்றன. முன்புறச் சாளரம் மார்பும் வயிறும் விரிந்து சுருங்க இடமளிக்கும். பின்புறச் சாளரம் உட்குழிந்த பக்கத்தில் அமையும். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அப்பக்கத்து விலாக்கள் அவ்வழியே பின்னோக்கி விரிந்து, முதுகெலும்பு நேராவதற்குத் துணைபுரியும். குழந்தையின் மூச்சே இவ்வாறு சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது.

குழந்தை வளர்வதால் கட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறையும், மூன்று வயதினருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டோருக்கு நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் மாற்றுவது பொது வழக்கம். வளைவு பத்துப் பாகைக்கும் குறையும்வரை, ஓராண்டோ அதற்கு மேலோ இது தொடரும். பின்னர் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் உறையைச் சில காலம் அணிவிப்பர்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கட்டோடு வீடு திரும்பிய குழந்தை முதல் சில நாட்கள் சிணுங்கும். பின்னர் தவழவும் நடக்கவும் விளையாடவும் பழகிவிடும் என்பது பொது அனுபவம். கட்டு நனையக்கூடாது. ஆகவே தலையையும் கைகால்களையும் மட்டும் ஈரத்துணியால் துடைத்து, கட்டின் விளிம்பு சிறுநீரில் நனையாதபடி அணையாடையை உள்ளே மடித்துக் கட்ட வேண்டும். வேனிற்காலத்தில் வியர்வையே பெருந்தொல்லை. காற்றோட்டமான இடமும் மெல்லிய பருத்தி உடையும் உதவும். அரிப்புக்காகக் குச்சியையோ கரண்டியையோ உள்ளே விடுவதும், மாவோ எண்ணெயோ இடுவதும் கேடு விளைவிக்கும். வயிறு புடைக்குமளவுக்கு ஒரே வேளையில் ஊட்டாமல் சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுவது நன்று.

பின்வரும் குறிகளுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனைக்கு உடனே விரைய வேண்டும்: இடைவிடாத வாந்தி, மூச்சுத் திணறல், கட்டுக்குள்ளிருந்து துர்நாற்றம், காய்ச்சல், தேற்ற முடியாத அழுகை, கைகால்களின் அசைவில் குறைவு. வாந்தியை அஜீரணம் என்று எண்ணி இருந்துவிடலாகாது. இறுகிய கட்டினால் குடல் அழுத்தப்படுவதும் உண்டு; அந்நிலையில் கட்டை வெட்டித் தளர்த்த நேரும்.

எல்லைகளும் மாற்று வழிகளும்

இச்சிகிச்சை எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றதன்று. நுரையீரல் மிகவும் பலவீனமாயிருப்பினும், தோலில் உணர்ச்சி இல்லாவிடினும் கட்டுப் போடுவது ஆபத்து. பிறவி எலும்புக் குறையாலும் பிற நோய்களாலும் வந்த வளைவைக் கட்டு முற்றிலும் நேராக்குவது அரிது. ஆனால் அறுவையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட அது உதவலாம். அந்த ஆண்டுகளில் மார்பும் நுரையீரலும் வளர்வதே பெரும் பயன். இளவயதிலேயே முதுகெலும்பின் நீண்ட பகுதியை இணைத்துவிட்டால் மார்பின் வளர்ச்சியும் தடைப்படும். அதனால் அறுவை தவிர்க்க இயலாத குழந்தைகளுக்கு, வளர்ச்சிக்கேற்ப நீட்டக்கூடிய உலோகத் தண்டுகள் பொருத்தப்படுகின்றன. உடலுக்கு வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டப்படும் தண்டுகளும் இப்பொழுது உள்ளன. இவற்றுக்குத் தொடர்ந்து அறுவைகள் தேவைப்படலாம். சீழ் பிடித்தல், தண்டு முறிதல் போன்ற இடர்களும் உண்டு.

மீண்டும் மீண்டும் மயக்க மருந்து கொடுப்பது பற்றிப் பெற்றோருக்கு எழும் அச்சம் இயல்பானதே. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நெடுநேரமோ பலமுறையோ மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று 2016ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஒருமுறை கட்டுப் போடக் குறைந்த நேரமே ஆகும் எனினும், முறைகள் பல ஆகின்றன. சில மையங்களில் மயக்கமின்றியே கட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். பெருகும் வளைவை அவ்வாறே விட்டுவிடுவதால் வரும் கேட்டையும் இக்கவலையையும் எடைபோட்டு, மருத்துவரும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்தல் வேண்டும்.

எங்கே செல்வது?

2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்குச் சென்று குழந்தைகளைச் சோதிக்கின்றனர். அவ்வேளையில் குழந்தையின் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டுமாறு பெற்றோரே முன்வந்து கேட்டுக்கொள்ளலாம். மேற்சிகிச்சை தேவைப்படுவோரை இத்திட்டத்தின் மாவட்ட மையம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும். அங்கே குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவப் பிரிவையோ முதுகெலும்பு அறுவைப் பிரிவையோ நாட வேண்டும்.

நிபுணரிடம் செல்லும்போது முன்பு எடுத்த எக்ஸ்-ரே படங்கள் அனைத்தையும் நாள் வாரியாக எடுத்துச் செல்வது இன்றியமையாதது. இரு படங்களின் ஒப்பீடே வளைவு பெருகுகிறதா என்பதைத் தெளிவாக்கும். காப் கோணம் எவ்வளவு, விலாக் கோணங்களின் வேறுபாடு எவ்வளவு, எம்.ஆர்.ஐ. படம் தேவையா, இம்மருத்துவமனையில் மழலையருக்கு முதுகு மாவுக்கட்டு வழக்கமாகப் போடப்படுகிறதா, இல்லையெனில் எங்குச் செல்லலாம் என்னும் வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம். தொலைவூருக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை சென்று வருவது எளிய குடும்பத்திற்குப் பெருஞ்சுமையே. பயணச் செலவும் கூலி இழப்பும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் செய்யக்கூடும். ஆகையால் முதல் நாளிலேயே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கண்டு, அரசுக் காப்பீட்டிலும் பிற உதவிகளிலும் எவை கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.

வளைபாதக் குழந்தைகளுக்கு வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தை நேராக்கும் முறை இந்தியாவின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இன்று சாதாரணமாகிவிட்டது. பெரிய அறுவையின்றி நடக்கும் பிள்ளைகள் அதற்குச் சான்று. முதுகுக்கான மாவுக்கட்டும் அதே உண்மையின் மீது நிற்கிறது. மென்மையாக, பலமுறை, உரிய காலத்தில் காட்டப்படும் திசையை வளரும் எலும்பு ஏற்றுக்கொள்ளும். ஆனால் அவ்வாறு ஏற்றுக்கொள்ளும் பருவம் குறுகியது. நீராட்டும் வேளையில் ஒரு தாய் கண்ட சிறு கோணலை அவளுடைய வீண் கலக்கம் என்று ஒதுக்காமல், அன்றே ஓர் எக்ஸ்-ரே படத்திற்கு வழி செய்யும் கிராமச் செவிலியும் உள்ளூர் மருத்துவரும் அக்குழந்தையின் சிகிச்சையைத் தொடங்கிவைத்தவர்கள் ஆவர்.